டிஸ்டார்ஷன் பெடல்: பழுதிலிருந்து பிறந்த ஓசையின் வரலாறு

டிஸ்டார்ஷன் பெடல் என்பது மின்கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் இணைக்கப்படும் சிறு மின்னணுப் பெட்டியாகும். இசைக் கலைஞர் இதைத் தரையில் வைத்துக் காலால் அழுத்தி இயக்குவார். கிட்டாரிலிருந்து வரும் மின்சைகையின் அலைவடிவத்தை வேண்டுமென்றே சிதைத்து, கரகரப்பும் கனமும் நீண்ட ரீங்காரமும் கொண்ட ஓசையாக மாற்றுவது இதன் பணி.

ராக் இசையின் அடையாளமாகிவிட்ட இந்த ஓசையை முதலில் யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. அடிபட்ட ஆம்ப்ளிஃபயரிலும், கிழிந்த ஒலிபெருக்கியிலும், பழுதான ஒலிப்பதிவுக் கருவியிலும் அது தற்செயலாகக் கேட்டது. பழுதைச் சரிசெய்துவிட்டு மறந்துவிடாமல், அதன் காரணத்தைத் தேடியவர்களால் அது ஒரு மின்சுற்றாயிற்று. பின்னர் ஒருவர் செய்த பெட்டியை இன்னொருவர் திறந்து பார்த்து, கற்று, மாற்றியமைத்ததால் வளர்ந்தது. இன்று 'கிட்' எனப்படும் உதிரிபாகத் தொகுப்பை வாங்கி, மாணவர் ஒருவர் இப்பெடலைத் தம் மேசையிலேயே செய்துவிட முடியும். அந்தத் தொகுப்பில் உள்ள ஒவ்வொரு பாகத்திற்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

அலை சிதைவது எப்படி?

எந்தப் பெருக்கிக்கும் ஓர் எல்லை உண்டு. 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் பெருக்கி, அந்த 9 வோல்ட்டைத் தாண்டிய அலையை வெளியிட முடியாது. உள்ளே வரும் சைகையை அளவுக்கு மீறிப் பெருக்கினால், அலையின் மேல்முகடும் கீழ்முகடும் எல்லையில் மோதித் தட்டையாகின்றன. மலையுச்சியைக் கத்தியால் சீவியதுபோன்ற வடிவம் கிடைக்கிறது. இதனை 'முகடு வெட்டுப்படுதல்' எனலாம்.

வடிவம் மாறினால் ஓசையும் மாறும். 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட தூய சைன் அலை, மேலும் கீழும் சமமாக வெட்டுப்பட்டால் அதனுடன் 1,320, 2,200, 3,080 ஹெர்ட்ஸ் என ஒற்றைப்படை மடங்குகளில் புதிய மேற்சுரங்கள் தோன்றும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வெட்டுப்பட்டால் 880, 1,760 போன்ற இரட்டைப்படை மடங்குகளும் சேரும். தந்தி எழுப்பாத சுரங்கள் இவ்வாறு மின்சுற்றிலேயே பிறக்கின்றன.

இன்னொரு விளைவு நீட்டிப்பு. மீட்டப்பட்ட தந்தியின் அதிர்வு மெல்ல மெல்ல அடங்கும். ஆனால் அலை எப்போதும் ஒரே உயரத்தில் வெட்டப்படுவதால், அதிர்வு நன்றாகக் குறையும்வரை வெளிவரும் ஓசை ஒரே அளவில் நிற்கிறது. கிட்டாரில் வயலின்போல நீண்டு ஒலிக்கும் சுரம் கிடைப்பது இதனால்தான்.

மூன்றாவது விளைவு, இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டும்போது தெரியும். அவற்றின் கூட்டலும் கழித்தலுமான அதிர்வெண்களும் உடன் ஒலிக்கும். 110 ஹெர்ட்ஸும் 165 ஹெர்ட்ஸும், அதாவது ஆதார சட்ஜமும் பஞ்சமமும், சேர்ந்தால் 55, 275 ஆகியன தோன்றும். இவை அனைத்தும் 55இன் மடங்குகளே என்பதால் ஓசை ஒழுங்காகவும் கனமாகவும் இருக்கும். மூன்று நான்கு சுரங்கள் கொண்ட சிக்கலான கார்டுகளில் இந்த ஒழுங்கு கெட்டு ஓசை கலங்கிவிடும். ராக் இசையில் சட்ஜ பஞ்சம இரட்டைச் சுரம் மிகுதியாகப் பயன்படுவதற்கு இதுவே காரணம்.

மேற்சுரங்களைச் செறிவாக்கி ஓசைக்கு உயிரூட்டுவது நம் மரபிலும் உண்டு. தம்புராவின் குதிரையில், தந்திக்கு அடியில் ஜீவாளி என்னும் சிறு நூலை நகர்த்தி அந்த ரீங்காரத்தை வரவழைக்கிறார்கள். அங்கே நூலும் குதிரையும் செய்வது இயந்திர முறை. பெடல் மேற்சுரங்களை மின்சுற்றால் உண்டாக்குகிறது.

ஆம்ப்ளிஃபயர்கள் அடிபட்ட காலம்

மின்கிட்டார் 1930களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கியது. அக்கால ஆம்ப்ளிஃபயர்கள் வெற்றிடக் குழல்களால், அதாவது வால்வுகளால், இயங்கியவை. சிறிய திறனுடைய அவற்றை மேளத்திற்கும் ஊதுகருவிகளுக்கும் ஈடாக ஒலிக்கச் செய்யக் கலைஞர்கள் முழு அளவுக்குத் திருப்பினர். ஓசை கரகரத்தது. வடிவமைத்த பொறியாளர்கள் அதைக் குறையாகவே கருதினர்.

1951ஆம் ஆண்டு ஐக் டர்னரின் குழு, மிசிசிப்பியிலிருந்து மெம்பிஸ் நகரிலுள்ள சாம் பிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்திற்குப் பயணம் செய்தது. வழியில் கிட்டார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் சேதமடைந்தது. காரிலிருந்து விழுந்தது என்றும், மழையில் நனைந்தது என்றும் இருவிதமாகச் சொல்வார்கள். ஒலிபெருக்கியின் கூம்புக்குள் காகிதத்தைத் திணித்துச் சமாளித்தனர். அந்த முரட்டு ஓசை பிலிப்ஸுக்குப் பிடித்துப்போயிற்று. ஜாக்கி பிரென்ஸ்டன் பாடிய 'ராக்கெட் 88' என்ற அப்பாடல் பெரும் வெற்றி பெற்றது.

அடுத்து வந்தவர்கள் பழுதுக்காகக் காத்திருக்கவில்லை. 1958இல் வெளியான 'ரம்பிள்' என்ற கருவியிசைக்காக லிங்க் ரே, ஒலிபெருக்கியின் கூம்பில் பென்சிலால் துளையிட்டார். பாடல் வரிகளே இல்லாத அந்த இசையைச் சில அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. தெருச்சண்டையைக் குறிக்கும் தலைப்பும் அச்சமூட்டும் ஓசையும் இளைஞரை வன்முறைக்குத் தூண்டும் என்று அவை கருதின. 1964இல் இங்கிலாந்தின் தி கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், 'யூ ரியலி காட் மீ' பாடலுக்காகத் தம் சிறிய ஆம்ப்ளிஃபயரின் கூம்பைச் சவரத் தகட்டால் கீறினார்.

இம்முறைகளில் பெரிய குறை ஒன்று இருந்தது. கிழித்த கூம்பைத் திரும்பச் சேர்க்க முடியாது. பாட்டின் ஓரிடத்தில் தூய ஓசையும் மற்றோரிடத்தில் கரகரப்பும் வேண்டுமென்றால் வழியில்லை. வேறொரு கூம்பைக் கிழித்தால் அதே ஓசை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. வேண்டும்போது வரவும் வேண்டாதபோது மறையவும் கூடிய பழுது ஒன்று தேவைப்பட்டது.

நாஷ்வில்: காரணத்தைத் தேடிய பொறியாளர்

அந்தத் தேவையை நிறைவேற்றியவர் கிளென் ஸ்னாடி என்னும் ஒலிப்பதிவுப் பொறியாளர். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொரி' பாடலின் ஒலிப்பதிவு நடந்தது. கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தபோது, கலவைப் பலகையின் ஒரு தடம் பழுதாகி, கிட்டார் ஓசை தேனீக் கூட்டம்போல இரைந்தது. மறுபடி பதிவு செய்வதே வழக்கம். ஆனால் அந்தப் பதிவையே வைத்துக்கொண்டனர். 1961இல் வெளியான பாடல், அமெரிக்க நாட்டுப்புற இசை வரிசையில் முதலிடம் பெற்றது.

அந்த ஓசையை மற்ற கலைஞர்களும் விரும்பினார்கள். ஆனால் பழுதான தடத்தை எத்தனை நாள் நம்பியிருக்க முடியும்? ஸ்னாடி, எது எப்படிப் பழுதாயிற்று என்று ஆராய்ந்தார். பொறியாளர் ரெவிஸ் ஹாப்ஸுடன் சேர்ந்து, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அதே விளைவைத் தரும் சுற்றை வடிவமைத்தார். கிப்சன் நிறுவனம் அதை வாங்கி, 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் வெளியிட்டது. மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களும், இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்களும் கொண்ட ஆப்பு வடிவப் பெட்டி அது. 1947இல் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர், பதினைந்தே ஆண்டுகளில் கலைஞரின் காலடிக்கு வந்துவிட்டது.

நிறுவனத்தாருக்கே இதன் பயன் சரியாக விளங்கவில்லை. கிட்டாரை டிரம்பெட், டியூபா, செல்லோ போல ஒலிக்கச் செய்யும் கருவி என்றே விளம்பரம் செய்தார்கள். முதல் தொகுதிக்குப் பின் விற்பனை படுத்துவிட்டது. 1965 மே மாதம் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், 'சாடிஸ்ஃபாக்ஷன்' பாடலின் தொடக்க இசையை இப்பெட்டியின் வழியாக வாசித்தார். ஊதுகருவிகள் பின்னர் வாசிக்க வேண்டியதற்கு ஒரு மாதிரியாகவே அதை அவர் எண்ணியிருந்தார். ஆனால் அந்தப் பதிவே வெளியாகி உலகெங்கும் ஒலித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கையிருப்பிலிருந்த பெட்டிகள் விற்றுத் தீர்ந்தன.

ஸ்னாடியும் ஹாப்ஸும் 1962இல் விண்ணப்பித்த காப்புரிமை 1965இல் வழங்கப்பட்டது. காப்புரிமை என்பது வெறும் தடை அன்று என்பதை மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்திற்குத் தனியுரிமை பெறுபவர், அதற்கு ஈடாகத் தம் கண்டுபிடிப்பை உலகறிய விளக்கியாக வேண்டும். அவ்வாறு இச்சுற்றும் பொதுவில் பதிவாயிற்று.

லண்டன்: திறந்து பார்த்தவர்கள்

அமெரிக்கப் பெட்டி இங்கிலாந்தில் எளிதில் கிடைக்கவில்லை. லண்டனில் கேரி ஹர்ஸ்ட் என்பவர் மேஸ்ட்ரோவின் சுற்றை அடிப்படையாகக் கொண்டு, ஓசை இன்னும் நீண்டு நிற்குமாறு மாற்றி, 1965இல் 'டோன் பெண்டர்' பெடலை உருவாக்கினார். அதன் ஒரு வடிவத்தை ஏறத்தாழ அப்படியே கொண்டது, ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் 1966இல் வெளியிட்ட 'ஃபஸ் ஃபேஸ்'. ஒலிவாங்கித் தாங்கியின் வட்டமான அடிப்பாகத்தைப் பார்த்து அதன் பெட்டி வடிவமைக்கப்பட்டது. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர்கள், நான்கு மின்தடைகள், மூன்று மின்தேக்கிகள், இரண்டு திருகு மின்தடைகள் என மொத்தம் பதினொரு பாகங்களே இருந்தன. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதைக் கொண்டு படைத்த இசையைக் கேட்டவர்கள், இத்தனை எளிய சுற்றா என்று வியப்பார்கள்.

ஜெர்மானியத்திற்கு ஒரு பலவீனம் உண்டு. வெப்பம் ஏறினால் அதில் கசியும் மின்னோட்டம் விரைவாகக் கூடும். அதனால் குளிர்ந்த அறையில் இனிமையாக ஒலித்த பெடல், சூடான மேடையில் வேறுவிதமாக ஒலிக்கும். ஒரே வகை டிரான்சிஸ்டர்களிலும் ஒன்றுக்கொன்று பெருக்கத்திறன் மாறுபடும். எனவே ஒரே கடையில் வாங்கிய இரண்டு பெடல்கள் ஒன்றுபோல ஒலிக்கும் என்று சொல்ல முடியாது. 1960களின் இறுதியில் தயாரிப்பாளர்கள் நிலைத்தன்மை மிகுந்த சிலிக்கானுக்கு மாறினர். ஓசை கூர்மையும் கடுமையும் பெற்றது. ஜெர்மானியம்தான் நயமானது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. பழைய ரேடியோக்களில் ஒலிப் பெருக்கத்திற்குப் பயன்பட்ட ஏசி128 போன்ற டிரான்சிஸ்டர்களைப் பெடல் செய்பவர்கள் தேடி வாங்குவது இதனால்தான்.

டையோடும் ஐ.சி.யும்

நியூயார்க்கில் மைக் மாத்யூஸ் தொடங்கிய எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம், 1969இல் 'பிக் மஃப்' பெடலை வெளியிட்டது. அதில் நான்கு சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அத்துடன் முகட்டை வெட்டும் வேலை டையோடுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. சிலிக்கான் டையோடு ஏறக்குறைய 0.6 வோல்ட்டிலும், ஜெர்மானியம் டையோடு ஏறக்குறைய 0.3 வோல்ட்டிலும் மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்கும். இரண்டு டையோடுகளை எதிரெதிர்த் திசையில் இணைத்தால், அலை அந்த அளவைத் தாண்டும்போதெல்லாம் மேலும் கீழும் வெட்டுப்படும். பெருக்குவது ஒரு பகுதி, வெட்டுவது மற்றொரு பகுதி என்ற பிரிவினை வந்ததும் ஓசையைக் கட்டுப்படுத்துவது எளிதாயிற்று.

1968இல் ஃபேர்சைல்டு நிறுவனம் வெளியிட்ட 741 என்னும் செயல்பாட்டுப் பெருக்கி ஐ.சி. அடுத்த திருப்பம். எட்டுக் கால்கள் கொண்ட ஒரு சிறு சில்லு, பல டிரான்சிஸ்டர்களின் வேலையைச் செய்தது. 1970களில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலிருந்த எம்.எக்ஸ்.ஆர். நிறுவனம், ஒரு 741உம் இரண்டு ஜெர்மானியம் டையோடுகளும் கொண்ட 'டிஸ்டார்ஷன் பிளஸ்' பெடலை விற்றது. ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1977இல் 'ஓவர் டிரைவ்', 1978இல் 'டி.எஸ்.-1' ஆகிய பெடல்களையும், ஐபனீஸ் நிறுவனம் 1979இல் 'டியூப் ஸ்கிரீமர்' பெடலையும் வெளியிட்டன. டியூப் ஸ்கிரீமரில் டையோடுகள் பெருக்கியின் பின்னூட்டப் பாதையில் அமைந்தன. முகடு சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல வளைந்ததால் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஒத்த மென்மை கிடைத்தது.

வீட்டு மேசைக்கு வந்த கதை

உதிரிபாகத் தொகுப்புகளின் வரலாறு பெடலைவிட மூத்தது. அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம் 1947இல், போருக்குப் பின் மிஞ்சிய பாகங்களைக் கொண்டு அலைகாட்டித் தொகுப்பை விற்கத் தொடங்கியது. தெளிவான படங்களும் படிப்படியான குறிப்புகளும் கொண்ட அதன் கையேடுகள் ஒரு தலைமுறைக்கே மின்னணுவியல் கற்பித்தன. 1967இல் ஓக்லஹோமாவில் ஜான் சைமன்டன் தொடங்கிய பையா நிறுவனம், இசைக் கருவிகளுக்கான தொகுப்புகளை விற்றது. 1975இல் கிரெய்க் ஆண்டர்டன் எழுதிய 'இசைக் கலைஞர்களுக்கான மின்னணுத் திட்டங்கள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல், பொறியியல் படிக்காத இசைஞர்களின் கையில் பற்றவைப்புக் கோலைக் கொடுத்தது.

இதற்கு எதிரான போக்கும் இருந்தது. சில தயாரிப்பாளர்கள் தம் சுற்றுப் பலகையின்மேல் கெட்டியான பிசினை ஊற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் அறியாதபடி மூடினார்கள். உழைப்பைக் காக்கும் எண்ணம் அதில் உண்டு என்பதை மறுக்க முடியாது. எனினும் அத்தகைய பெடல் பழுதானால் சரிபார்க்க வழியில்லை. அடுத்தவர் அதிலிருந்து கற்கவும் வழியில்லை. மேஸ்ட்ரோ பெட்டி பிசினால் மூடப்பட்டிருந்தால் டோன் பெண்டர் அத்தனை எளிதில் பிறந்திருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

ஒரு தொகுப்பைப் பொருத்துதல்

டிஸ்டார்ஷன் பிளஸ் சுற்றை அடியொற்றிய தொகுப்பு, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. சென்னை ரிட்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் உதிரிபாகங்களைத் தனித்தனியாகவும் வாங்கலாம்.

முதலில் சுற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கிட்டாரின் சைகை ஒரு மின்தேக்கி வழியாக ஐ.சி.க்குள் நுழைகிறது. 9 வோல்ட்டைச் சம மதிப்புள்ள இரண்டு மின்தடைகள் பாதியாகப் பிரித்து, 4.5 வோல்ட்டை நடுமட்டமாகத் தருகின்றன. அலை அந்த நடுமட்டத்தின் மேலும் கீழும் ஆடுகிறது. பெருக்கத்தைத் தீர்மானிப்பவை 1 மெகா ஓம் பின்னூட்ட மின்தடையும், 4.7 கிலோ ஓம் மின்தடையும் அதனுடன் தொடரிணைப்பில் உள்ள திருகு மின்தடையும் ஆகும். திருகை முழுதும் திருப்பினால், பெருக்கம் 1 + (10,00,000 ÷ 4,700), அதாவது ஏறக்குறைய 213 மடங்கு. 10 மில்லிவோல்ட் சைகைகூட 2 வோல்ட்டைத் தாண்டிவிடும். வெளியே காத்திருக்கும் ஜெர்மானியம் டையோடுகள் அதை ஏறத்தாழ 0.3 வோல்ட்டில் வெட்டிவிடும். பள்ளியில் படித்த ஓம் விதியும் டையோடின் சிறப்பியல்பு வரைகோடும் இங்கே காதில் கேட்கின்றன.

பாகங்களை அட்டவணையுடன் ஒப்பிட்டுப் பிரித்துவைத்த பிறகே பற்றவைக்கத் தொடங்க வேண்டும். பழுப்பு, கருப்பு, பச்சை என்றால் 1 மெகா ஓம். மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4.7 கிலோ ஓம். ஐயமிருந்தால் மல்டிமீட்டரால் அளக்கலாம். உயரம் குறைந்த பாகங்களை முதலில் பொருத்துவது வழக்கம்: மின்தடைகள், டையோடுகள், ஐ.சி. சாக்கெட், மின்தேக்கிகள் என்ற வரிசை வசதியானது. டையோடின் பட்டையும், மின்பகு மின்தேக்கியின் எதிர்முனைக் குறியும், ஐ.சி.யின் முதல் காலைக் காட்டும் அடையாளமும் பலகையில் அச்சிட்டபடியே அமைய வேண்டும். ஜெர்மானியம் டையோடு அதிக வெப்பத்தைத் தாங்காது. எனவே அதன் காலை இடுக்கியால் பிடித்துக்கொண்டு விரைவாகப் பற்றவைக்க வேண்டும். ஈயம் கலந்த பற்றாசைப் பயன்படுத்தினால், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்து, முடிந்ததும் கைகளைக் கழுவ வேண்டும்.

கால்விசையில் ஒன்பது முனைகள் இருக்கும். மூன்று இணைப்புகளை ஒரே அழுத்தில் மாற்றுவதால், அணைத்திருக்கும்போது கிட்டார் சைகை சுற்றைத் தொடாமல் நேராக ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும், எல்.இ.டி. விளக்கும் அணைந்துவிடும். உள்ளீட்டுச் செருகுவாய் பெரும்பாலும் ஸ்டீரியோ வகையாக இருக்கும். கிட்டார் கம்பியைச் செருகினால் மட்டுமே மின்கலத்தின் சுற்று நிறைவடையும் என்பதற்கான ஏற்பாடு அது. அலுமினியப் பெட்டி அழகுக்காக மட்டும் அன்று. அதைப் புவியிணைப்புடன் சேர்த்தால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை உள்ளே விடாமல் தடுக்கும்.

ஓசை வராவிட்டால் மனம் தளரத் தேவையில்லை. மின்கலத்தின் வோல்ட்டேஜ், ஐ.சி.யின் 7ஆம் காலில் ஏறக்குறைய 9 வோல்ட், 6ஆம் காலில் ஏறக்குறைய 4.5 வோல்ட் இருக்கின்றனவா என வரிசையாகச் சோதிக்க வேண்டும். பின் சைகை எந்த இடம்வரை வருகிறது என்று உள்ளீட்டிலிருந்து தொடங்கிப் பார்த்துக்கொண்டே போனால், தவறு இருக்குமிடம் அகப்படும். இது 9 வோல்ட் சுற்று என்பதால் ஆபத்தில்லை. ஆனால் வால்வு ஆம்ப்ளிஃபயரை இதேபோலத் திறக்கக் கூடாது. அதனுள் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் இருக்கும், அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் தங்கியிருக்கலாம்.

பெடல் ஒலிக்கத் தொடங்கியதும் மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஜெர்மானியம் டையோடுகளை எடுத்துவிட்டுச் சிலிக்கான் டையோடுகளைப் பொருத்தினால், வெட்டும் எல்லை இரு மடங்காகி, ஓசை உரத்தும் கூர்மையாகவும் கேட்கும். சிவப்பு எல்.இ.டி.க்களைப் பொருத்தினால் எல்லை ஏறக்குறைய 1.8 வோல்ட் ஆகி, வெட்டுக் குறைந்து, ஓசை இன்னும் திறந்து ஒலிக்கும். ஒவ்வொன்றையும் கேட்டு, வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். பழுதான தடத்தின்முன் ஸ்னாடியும், மேஸ்ட்ரோ சுற்றின்முன் ஹர்ஸ்டும் இதே வேலையைத்தான் செய்தார்கள். இந்த ஓசை ஏன் வருகிறது, எதை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தார்கள்.